பட்டா, ஓடை, கிணறு: சேலத்து வக்கீல் பதில்கள்

சிவில் இன்ஜினியராகச் சைட்டில் நின்றுவிட்டு, அப்புறம் சட்டம் படித்தவன் நான். நிலம், சுற்றுச்சூழல் வழக்குகள் பார்க்கிறேன். வந்த கேள்விகளில் சில.

சார், கன்னங்குறிச்சிப் பக்கம் மலையடிவாரத்தில் மனை பார்த்திருக்கிறோம். 30 வருட வில்லங்கம் சுத்தம். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். வில்லங்கச் சான்றில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும்தான். மனைக்குக் குறுக்கே ஓடை போகிறதா என்று அதில் தெரியாது. கிராமத்து நிலம் ஒவ்வொன்றும் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால் பேச்சையே விடுங்கள். சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் எஃப்.எம்.பி. வரைபடத்தைப் பக்கத்துச் சர்வே எண்களின் படங்களோடு ஒட்டவைத்துப் பாருங்கள். மேலிருந்து வரும் ஓடை பக்கத்து எண்ணோடு நின்று, உங்கள் மனைக்கு அந்தப் புறம் மறுபடி தொடங்கினால், நடுவில் யாரோ மண் கொட்டி மேடாக்கியிருக்கலாம். ஐப்பசி மழையில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள், புரோக்கர் இல்லாமல்.

2012-ல் வாங்கிய மனைக்கு அங்கீகாரம் இல்லை. வரன்முறை செய்ய முடியுமா?

2016 அக்டோபர் 20 வரை பத்திரம் பதிவான மனைகளுக்குத்தான் 2017 வரன்முறை விதிகள். தேதிப்படி நீங்கள் உள்ளே. இடம் நீர்நிலையாக இருந்தால் அதுவும் நடக்காது.

திருமணிமுத்தாற்றை ஒட்டி எங்கள் கிணறு. இரண்டு வருடமாகத் தண்ணீர் நிறம் மாறி வருகிறது. சாயப்பட்டறைக்காரர், "ஆற்றுத் தண்ணீர் ஊறுது, நான் என்ன செய்ய?" என்கிறார்.

எல்லாரும் சொல்வதுதான். பாதி உண்மையாகவும் இருக்கலாம், அதனால் ஒரு பாட்டில் தண்ணீரை மட்டும் சோதித்துப் பயனில்லை. பட்டறைக்கு மேல்மட்டத்தில் ஒரு கிணறு, உங்கள் கிணறு, ஆறு, மூன்றிலும் ஒரே நாளில் மாதிரி எடுக்க வேண்டும். ஆற்றிலிருந்து அதே தூரத்தில் உள்ள மேல்கிணறு நன்றாக இருந்தால் அவர் வாதம் ஆட்டம் காணும். குடிநீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை.

தனியார் லேப் அறிக்கை துணைக்குத்தான். 1974 நீர் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுக்கும் மாதிரிக்குத்தான் கோர்ட்டில் எடை அதிகம். வாரியத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

அப்புறம் கெடு. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில், தகராறைத் தீர்க்கக் கேட்கும் 14-ஆம் பிரிவு மனுவுக்கு, பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம்தான். காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள். உங்களுக்கு அது தாண்டிவிட்டது என்றே எதிர்த்தரப்பு வாதாடும். இழப்பீடும் சீரமைப்பும் கேட்கும் 15-ஆம் பிரிவுக்கு ஐந்து ஆண்டு உண்டு. சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வில் 15-ஆம் பிரிவில் போடுவதே பாதுகாப்பு.

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் நாலு காட்டேஜ் கட்ட ஆசை. ஊராட்சி அனுமதி போதுமா?

போதாது. ஹாக்கா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் உங்கள் கிராமம் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். நிழல் மரத்தை வெட்டுவதற்கு 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். நீங்கள் கேட்காத ஒன்று: சரிவில் தடுப்புச் சுவர் எழுப்பினால், பின்னால் ஜல்லி நிரப்பித் தண்ணீர் வடியப் பைப் விடச் சொல்லுங்கள். பைப் இல்லாத சுவர் மழையில் சரிந்து கீழ்த்தோட்டத்தில் விழுந்தால், அந்தத் தோட்டக்காரர் உங்கள் மேல் வழக்குப் போட என்னிடம்தான் வருவார்.