வீட்டுப் பழமரங்களில் பூச்சியும் நோயும்: கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் கொய்யா வெளியே பார்க்க நன்றாக இருக்கிறது, அறுத்தால் உள்ளே புழு. ஒரு பழம்கூடத் தின்ன முடியவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்து வேண்டாம். இது பழ ஈ. தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைத்துவிடும், புழு சதைக்குள்ளேயே வளரும், மேலே எதை அடித்தாலும் அதற்குப் போய்ச் சேராது, மருந்துதான் பழத்தோலில் தங்கும். வளர்ந்த புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வந்து அடுத்த பழத்தைத் தேடும், அந்தச் சுற்றை அறுக்க வேண்டும். விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்குங்கள். உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயும் ஈயாகிவிடும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி வெயிலில் வையுங்கள், இல்லையென்றால் 2 அடி ஆழத்தில் புதையுங்கள். மரத்தடி மண்ணை அடிக்கடி கொத்திவிடுங்கள், கோழி இருந்தால் அங்கே மேயவிடுங்கள். காய் பச்சையாக இறுகி இருக்கும்போதே துணிப்பையோ காகிதப் பையோ கட்டிவிட்டால் அந்தக் காய் தப்பித்தது.

கேள்வி: பழ ஈப் பொறி ஒன்று வாங்கி மாட்டினேன், நிறைய ஈ விழுகிறது, ஆனாலும் புழு குறையவில்லையே?

பதில்: அதிலிருக்கும் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் ஈ பக்கத்து வீட்டிலிருந்து வந்து முட்டை வைத்துவிட்டுப் போகும். தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து மாட்டினால்தான் பலன் தெரியும்.

கேள்வி: அண்ணா, பப்பாளி முழுக்க வெள்ளையாகப் பஞ்சு மாதிரி அப்பியிருக்கிறது. மரத்தையே வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டாதீர்கள். இது மாவுப்பூச்சி. 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் நாசம் செய்தது, மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குட்டிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அதிலும் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் அதை ஒடுக்கியது. அது இந்தப் பூச்சிக்குள்ளேயே முட்டை வைத்து உள்ளிருந்து தின்றுவிடும். நீங்கள் கடுமையான மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். மோசமான இலைகளைக் கழித்து எரியுங்கள், மற்றதைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். எறும்பை மரத்தில் ஏறவிடாதீர்கள், இனிப்புக் கழிவுக்காக அது மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று குளவியை விரட்டும்.

கேள்வி: நடுவில் கொஞ்சம் பெரிதாக, வெள்ளை மெழுகோடு வேகமாக நடக்கிற ஒன்றும் இருக்கிறது. அதையும் நசுக்கிவிடவா?

பதில்: ஐயோ, தொடாதீர்கள்! வேகமாக நடக்கிறது என்றால் பெரும்பாலும் கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழுவாகத்தான் இருக்கும், மாவுப்பூச்சியைத் தின்ன வந்தது. பார்க்க மாவுப்பூச்சி போலவே இருப்பதால் பல வீடுகளில் இதைக் கொன்றுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம்.

கேள்வி: மா இலையெல்லாம் கரி பூசியது போல் இருக்கிறது. நோயா?

பதில்: தத்துப்பூச்சி சாறு குடித்துவிட்டு விடும் தேன் போன்ற கழிவில் வளரும் பூசணம் அது. இலைக்குள் போகாது. லிட்டருக்கு 50 கிராம் மைதா போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, நல்ல வெயில் நாளில் தெளியுங்கள், காய்ந்து உதிரும்போது கருப்பையும் உரித்துக்கொண்டு போகும். ஆனால் தத்துப்பூச்சி இருக்கும்வரை அது திரும்ப வரும், ஆகவே அறுவடை முடிந்ததும் உள்பக்கக் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுங்கள்.

கேள்வி: எலுமிச்சைக் காயிலும் இலையிலும் சொரசொரப்பாகச் சொறி. கொழுந்தில் வெள்ளிக்கோடு வேறு.

பதில்: இரண்டும் கூட்டாளிகள். கோடு போடுவது இலைத்துளைப்பான், அந்தக் காயம் வழியாகச் சொறிநோய்ப் பாக்டீரியா எளிதாக நுழைகிறது. மழைக்கு முன்பே சொறி விழுந்த குச்சிகளை வெட்டி எரித்துவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் தெளியுங்கள்.

கேள்வி: பப்பாளி இலை மஞ்சளாகிச் சுருங்குகிறது, காயில் வளையம் வளையமாக இருக்கிறது.

பதில்: வளையப்புள்ளி வைரஸ். மருந்தே கிடையாது, பிடுங்கிவிடுங்கள். அசுவினி என்ற சாறு குடிக்கும் சின்னப் பூச்சிதான் பரப்பும், அடுத்த கன்றைப் பூசணி, வெள்ளரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: வேப்பெண்ணெய் அடித்தேன், இலை கருகிவிட்டது சார்.

பதில்: மதிய வெயிலில் அடித்தீர்களா, அல்லது எண்ணெய் சரியாகக் கரையாமல் அடித்தீர்களா? முதலில் சோப்புக் கரைசலில் எண்ணெயை விட்டுப் பால்போல் ஆகும்வரை கலக்குங்கள், அப்புறம் தண்ணீர் சேருங்கள், லிட்டருக்கு 5 மில்லியில் தொடங்கினால் போதும். சாயங்காலம் 4 மணிக்கு மேல் நாலு இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள், கருகவில்லை என்றால் மரம் முழுக்க, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடியுங்கள்.