சாக்ஸுக்குள் இருந்த சீட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் கால்பந்து அணிக்கு நான்தான் கோல்கீப்பர். 2006 உலகக் கோப்பை காலிறுதியில் ஜெர்மனியின் யென்ஸ் லேமன் சாக்ஸுக்குள் ஒரு சீட்டை வைத்திருந்தார், அர்ஜென்டினாக்காரர்கள் பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று அதைப் பார்த்துப் பார்த்துத் தடுத்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் அதில் அவருடைய திறமை என்ன? இன்னொரு ஜெர்மன் கீப்பர் ஆலிவர் கான் இருக்கும்போது இவரை ஏன் நிறுத்தினார்கள்? அடுத்த மாதம் எங்களுக்கு நாக்அவுட் போட்டி. நாங்களும் இப்படி ஒரு சீட்டு எழுதிக்கொண்டால் பயன் உண்டா?

செ.

அன்புள்ள செ.,

பயன் உண்டு. ஆனால் நீங்கள் கேள்விப்பட்ட விதத்தில் இல்லை. சீட்டில் இருந்த பெயர்களையும் அன்று பெனால்டி அடித்தவர்களின் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

பெர்லினில் ஜெர்மனி அணி தங்கியிருந்த க்ரூனவால்ட் ஹோட்டலின் குறிப்புத்தாளில், கோல்கீப்பர் பயிற்சியாளர் ஆன்ட்ரியாஸ் கெப்கே பென்சிலால் எழுதிக் கொடுத்த சீட்டு அது. அதில் ஏழு பெயர்கள்: ரிக்கெல்மே, க்ரெஸ்போ, ஹெய்ன்சே, அயாலா, மெஸ்ஸி, ஐமார், ரோட்ரிகெஸ். சிலருக்குப் பக்கம் மட்டும் குறித்திருந்தார், சிலருக்கு ஓடிவரும் விதத்தையும் சேர்த்து. க்ரெஸ்போ நீளமாக ஓடிவந்தால் வலது, குட்டையாக ஓடிவந்தால் இடது. அயாலா என்றால் ரொம்ப நேரம் காத்திரு, நீள ஓட்டம், வலது.

ஜூன் 30 அன்று ஆட்டம் 1-1 என்று முடிந்ததால் ஷூட்அவுட், அதாவது இரு அணியும் மாறி மாறி ஐந்து ஐந்து பெனால்டி அடிக்கும் கட்டம் வந்தது. 49ஆவது நிமிடத்தில் அயாலா தலையால் முட்டிப் போட்ட கோல், 80இல் குளோசே தலையால் முட்டிச் சமன் செய்த கோல். இதற்கு நடுவே அர்ஜென்டினா பயிற்சியாளர் பெக்கர்மன் மூன்று மாற்றுகளையும் செய்து முடித்துவிட்டார். கோல்கீப்பர் அபோன்டான்ஸியேரி அடிபட்டு வெளியேறினார். 72இல் ரிக்கெல்மேயை எடுத்துவிட்டு கம்பியாசோவை இறக்கினார், 79இல் க்ரெஸ்போவுக்குப் பதில் க்ரூஸ். மெஸ்ஸியும் ஐமாரும் பெஞ்சை விட்டு எழவே இல்லை. ஆக, ஏழு பேரில் நான்கு பேர் ஷூட்அவுட்டிலேயே இல்லை. ஹெய்ன்சேயின் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அடித்த நால்வரில் க்ரூஸும் கம்பியாசோவும் சீட்டில் இல்லாதவர்கள். சீட்டிலிருந்து வந்தவர்கள் அயாலாவும் மாக்ஸி ரோட்ரிகெஸும் மட்டும்தான்.

இந்த இருவரில் ரோட்ரிகெஸுக்கு லேமன் சரியான பக்கம் பாய்ந்தும் பந்து எட்டவில்லை. அயாலாவுடையதைத் தடுத்தார். சீட்டிலிருந்து நேரடியாகக் கிடைத்த லாபம் அந்த ஒரு பெனால்டிதான். அதிலும் உதவியது 'வலது' என்ற சொல்லை விட 'ரொம்ப நேரம் காத்திரு' என்ற சொல்தான் என்பது என் கருத்து. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும்.

பெனால்டிப் புள்ளியிலிருந்து கோட்டுக்கு 11 மீட்டர். பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 0.4 விநாடியில் கோட்டைத் தொடும். கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். நடுவில் நிற்கும் கீப்பருக்கு இரண்டு பக்கமும் 3.66 மீட்டர். கண் பார்த்து உடம்பு அசையத் தொடங்குவதற்கே ஏறக்குறைய 0.2 விநாடி போய்விடும். மிச்சமிருக்கும் 0.2 விநாடியில் எந்த மனிதனாலும் கம்பத்தின் ஓரம்வரை பாய முடியாது. அதனால் பந்து காலைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் முடிவெடுப்பேன் என்று நிற்பவர் ஓரத்துப் பந்தை ஒருநாளும் பிடிக்கமாட்டார். சீக்கிரமே பாய்ந்துவிடுபவர் கதையும் மோசம்தான். நல்ல ஆட்டக்காரர் ஓடிவரும்போதே கீப்பரைப் பார்த்துக்கொண்டு வருவார், கீப்பர் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் தட்டிவிடுவார். நமக்குக் கிடைக்கும் நேரம் அவருடைய ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில் விழும் அந்தக் கணம் மட்டுமே. அதற்கு மேல் அவரால் மனதை மாற்றிக்கொள்ள முடியாது. அப்போது அந்தப் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது, இடுப்பு திறக்கிறதா மூடுகிறதா என்று பார்த்துக் கிளம்ப வேண்டும். கெப்கே எழுதிய 'காத்திரு' என்பதன் பொருள் இதுதான். லேமன் அன்று நான்கு பெனால்டிக்கும் சரியான பக்கமே பாய்ந்தார். சீட்டில் இல்லாத இருவருக்கும் சேர்த்து.

இப்போது கம்பியாசோவுக்கு வருவோம். நெவில், பல்லாக், பொடோல்ஸ்கி, போரோவ்ஸ்கி நால்வரும் போட்டுவிட்டதால் 4-2. கம்பியாசோ தவறவிட்டால் அர்ஜென்டினா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மைய வட்டத்திலிருந்து புள்ளிவரை நாற்பது மீட்டருக்கு மேல் தனியாக நடந்து வருகிறார். எதிரே லேமன் சாக்ஸிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்து, நிதானமாகப் படித்துவிட்டுத் திரும்பச் செருகுகிறார். சீட்டில் கம்பியாசோவின் பெயரே இல்லை என்பது லேமனுக்கும் அதை எழுதிய கெப்கேவுக்கும்தான் தெரியும். நான் வழக்கமாக அடிக்கும் பக்கம் இவனுக்குத் தெரிந்திருக்குமோ, மாற்றி அடிக்கலாமா என்ற யோசனை ஒரு நொடி வந்தால் போதும், அடி உறுதியிழந்துவிடும். கம்பியாசோவின் மனதுக்குள் என்ன ஓடியது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பந்து லேமன் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தது.

அந்தச் சீட்டு பிறகு ஒரு தொண்டு ஏலத்தில் 10 லட்சம் யூரோவுக்கு விலைபோய், பான் நகரிலுள்ள வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சீட்டுக்குக் கிடைத்த புகழில் ஆளை மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

பெனால்டியில் அவர் பெயர் பெற்றது 2006க்கு வெகு முன்பே. 1997 மே 21, மிலானின் சான் சிரோ மைதானம், யூஈஎஃப்ஏ கோப்பை இறுதி. ஜெர்மன் கிளப் ஷால்கேவுக்காக நின்ற லேமன் இன்டர் மிலானின் ஸமோரானோ அடித்ததைத் தடுத்தார், ஷால்கே 4-1 என்று ஷூட்அவுட்டை வென்றது. 2005இல் அதே மே 21, கார்டிஃபில் எஃப்ஏ கோப்பை இறுதி. இங்கிலாந்து கிளப் அர்செனலுக்காக மான்செஸ்டர் யுனைடெட்டின் பால் ஸ்கோல்ஸ் அடித்ததைத் தடுத்தார். 2006 ஏப்ரல் 25, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். கடைசி நிமிடங்களில் அர்செனலுக்கு எதிராக வியாரியாலுக்குப் பெனால்டி, போட்டால் கூடுதல் நேரம். அடிக்க வந்தவர் ரிக்கெல்மே. அதையும் தடுத்தார். அதே ரிக்கெல்மேதான் இரண்டு மாதம் கழித்து சீட்டின் முதல் வரியில் இருந்தார்.

அடுத்து கான் பற்றிய கேள்வி. 2002 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் விருதே கானுக்குத்தான் போனது. கோட்டின் மேல் நின்று, நேருக்கு நேர் வரும் பந்தை அறைந்து தள்ளுவதில் அந்தக் காலத்தில் அவருக்கு இணை குறைவு. ஆனால் க்ளின்ஸ்மன் 2004இல் ஜெர்மனியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றதும் அணியை முன்னால் தள்ளி ஆடவைத்தார். டிஃபெண்டர்கள் மைதானத்தின் நடுக்கோட்டை நோக்கி ஏறி நின்றால் அவர்களுக்கும் கோலுக்கும் இடையே முப்பது நாற்பது மீட்டர் வெற்றிடம் விழும். அங்கே விழும் பாஸை முதலில் எடுக்க ஓர் ஆள் வேண்டும். கோட்டிலேயே நிற்கும் கீப்பரால் அது ஆகாது. அர்செனலில் லேமன் செய்துகொண்டிருந்த வேலையே அதுதான். 2003-04 பருவத்தில் அர்செனல் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 38லும் நின்றவர் லேமன், அணி வாங்கியது 26 கோல். 2005-06 சாம்பியன்ஸ் லீகில் தொடர்ந்து 10 ஆட்டங்கள் அர்செனல் கோல் வாங்கவில்லை. அடிபட்டவர்களுக்குப் பதிலாக ஃப்ளாமினியை இடது பக்க டிஃபெண்டராக நிறுத்தியிருந்த அணி அது. நாக்அவுட்டில் ரியல் மாட்ரிட், யுவென்டஸ், வியாரியால் மூன்று அணிகளாலும் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. அந்தத் தொடரின் நடுவே, 2006 ஏப்ரல் 7 அன்று, க்ளின்ஸ்மன் லேமன்தான் முதல் கீப்பர் என்று அறிவித்தார்.

இந்த ஆட்டமுறைக்கு ஒரு விலையும் உண்டு. அதே ஆண்டு மே 17, பாரிஸில் பார்சிலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லேமன் அதைக் கொடுத்தார். 18ஆவது நிமிடத்தில் ரொனால்டினோ கொடுத்த பாஸைத் துரத்தி எட்டோ வருகிறார். லேமன் வெளியே ஓடுகிறார், அரை அடி தாமதம். கை எட்டோவின் கணுக்காலில் பட்டுவிட்டது, அதுவும் பெனால்டி கட்டத்துக்கு வெளியே. உருண்ட பந்தை ஜூலி வலைக்குள் தள்ளினார், ஆனால் நடுவர் ஹௌகே அதற்குள் விசில் ஊதிவிட்டார். கோல் செல்லாது, ரெட் கார்டு. இந்தக் கோப்பையின் இறுதியில் வெளியேற்றப்பட்ட முதல் ஆட்டக்காரர் லேமன். நடுவர் ஒரு விநாடி பொறுத்திருந்தால் பார்சிலோனாவுக்கு 1-0, லேமனுக்கு மஞ்சள் அட்டையோடு போயிருக்கும். பத்துப் பேராக ஆடிய அர்செனல் முதலில் கோல் போட்டும் கடைசியில் 1-2 என்று தோற்றது. அதற்காக வெளியே வந்ததே தவறு என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வெளியே வரும் கீப்பர் பாஸ் கிளம்பும் அந்த நேரத்திலேயே முடிவெடுக்க வேண்டும். பாதி வழியில் சந்தேகம் வந்தால் நின்று கோணத்தைக் குறுக்க வேண்டுமே தவிர, கையை நீட்டக்கூடாது. அன்று நீண்டது கை.

அவர் வாழ்க்கையின் மற்றதெல்லாம் நேர்க்கோட்டில் போனதில்லை. 1993இல் லெவர்குசெனில் இடைவேளையோடு மாற்றப்பட்டதும் ரயிலேறி வீட்டுக்கே போனவர். 1997 டிசம்பரில் ஷால்கேவுக்காக டார்ட்மண்டுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் தலையால் முட்டி கோல் போட்டார், பின்பு அதே டார்ட்மண்டில் போய் ஆடி 2002இல் லீக் பட்டம் வென்றார். நடுவே ஏசி மிலானில் ஐந்தே லீக் ஆட்டங்கள். கானோடு வருடக்கணக்கில் வார்த்தைச் சண்டை. அந்த கான், அர்ஜென்டினா ஷூட்அவுட்டுக்கு முன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து லேமனின் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டுப் போனார். அன்று நடந்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். ஜெர்மனிக்காக 61 ஆட்டங்கள், நாடுகளுக்கிடையிலான 2008 ஐரோப்பியக் கோப்பை இறுதி வரை. 2011 ஏப்ரலில், 41 வயதில், ஓய்விலிருந்து திரும்பி அர்செனலுக்காக ப்ளாக்பூலுக்கு எதிராக ஓர் ஆட்டம் நின்றார்.

உங்கள் சீட்டுக்கு வருகிறேன். பெயரோடு சட்டை எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். பதற்றத்தில் முகம் அடையாளம் தெரியாது, எண் தெரியும். இடது, வலது என்பது கோட்டில் நிற்கும் உங்கள் இடது, வலதுதான் என்று எழுதுபவரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேலரியில் இருந்து பார்த்தவர் தன் பக்கத்தை எழுதிவிட்டால் சீட்டு முழுவதும் தலைகீழாகிவிடும். ஒருவர் முக்கியமான கட்டத்தில் அடித்த பெனால்டிக்கு அதிக மதிப்பு கொடுங்கள். 3-0 என்று முன்னிலையில் இருக்கும்போது அடித்ததை நம்பாதீர்கள். முதல் பதினொருவரை மட்டும் எழுதினால் பெர்லினில் நடந்ததுதான் நடக்கும், பெஞ்சில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரில்லாதவர் வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி கடைசியில் இருக்கட்டும். வலதுகாலர் சாய்வாக நீள ஓட்டம் எடுத்தால் பெரும்பாலும் உடம்புக்குக் குறுக்கே, அதாவது உங்கள் வலது பக்கம்தான் இழுத்து அடிப்பார். நேராக வந்து இடுப்பைத் திறந்தால் உங்கள் இடது. இடதுகாலருக்கு இதைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பென்சில் வேண்டாம், வியர்வையில் கலைந்துவிடும். மார்க்கரால் எழுதித் தண்ணீர் பாட்டிலில் ஒட்டிவிடுங்கள். 2024 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தின் பிக்ஃபோர்ட் சுவிட்சர்லாந்தின் அகான்ஜி அடித்ததைத் தடுத்தபோது அவர் பாட்டிலில் அந்தப் பெயருக்கு நேரே இடது என்று எழுதியிருந்தது. கம்பத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அடிப்பவர் நடந்து வரும்போதே பார்த்து முடித்துவிடுங்கள். பந்தை வைத்த பிறகு சீட்டைப் பிரித்து நேரம் கடத்த இப்போது விதி இடம் தராது. அடிப்பவரின் கவனத்தைக் கலைக்கும்படி தாமதிப்பதும், கம்பத்தையோ வலையையோ தொடுவதும் 2023 முதல் விதியிலேயே தடுக்கப்பட்டிருக்கிறது. உதை விழும் கணத்தில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ கோட்டுக்கு நேராகவோ கோட்டுக்குப் பின்னாலோ இருக்க வேண்டும். இரண்டு பாதமும் முன்னால் வந்து நீங்கள் தடுத்தால் மறுபடி அடிக்கச் சொல்வார்கள். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை மஞ்சள் அட்டை. இந்த வாரமே பயிற்சியில் நண்பர் ஒருவரைக் கோட்டின் பக்கவாட்டில் நிறுத்தி, உங்கள் பின்கால் எப்போது கோட்டை விட்டுக் கிளம்புகிறது என்று செல்போனில் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.