மனம் வறண்டிருக்கும்போது முடிவெடுக்காதீர்கள்: ஜெபம், வழிநடத்துதல், உள்காயம் பற்றிய கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, கடவுளுடைய சித்தத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்பது பற்றி. மீதி, ஆறாத மனக்காயம் பற்றி. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபையார் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே ‘சங்கீதம்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் கத்தோலிக்கர் ‘திருப்பாடல்’ என்று வாசித்துக்கொள்ளுங்கள், எண் ஒன்றுதான். பதில்கள் பெரும்பாலும், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலையே சார்ந்திருக்கின்றன. 1548-இல் அச்சான அந்தச் சிறு நூல், வாசித்து முடிப்பதற்கு எழுதப்பட்டதல்ல. செய்து பார்ப்பதற்கான கையேடு.

கேள்வி: ஐயா, சென்னை வேலையை விட்டுவிட்டுக் கத்தார் போகலாமா என்று ஜெபித்துவிட்டுக் கண்ணை மூடி பைபிளைத் திறந்தேன். எரேமியா 29:11 வந்தது: ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையிலும் இதே வசனம். இதைப் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்த வசனம் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள், எழுபது வருஷம் ஆகும் என்கிறது. 5-ஆம் வசனம் ‘வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள்’ என்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன தீர்க்கதரிசி அனனியாவைத்தான் 28-ஆம் அதிகாரம் பொய்யன் என்கிறது. வசனம் உங்களுக்கு ஆறுதல் தரட்டும். விசாவுக்குப் பணம் கட்ட அதை ஆதாரமாக்க வேண்டாம்.

இப்படிச் செய்யுங்கள். முதலில், போனாலும் சரி இருந்தாலும் சரி என்ற இடத்துக்கு மனம் வர ஜெபியுங்கள். தராசின் முள் நடுவில் நிற்பதுபோல என்று இஞ்ஞாசியார் சொல்வார். இது நடக்காமல் அடுத்த படிக்குப் போனால், ஏற்கெனவே எடுத்த முடிவுக்குச் சாட்சி தேடுவதாகத்தான் முடியும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

பிறகு ஒரு தாளை நான்காக மடித்து, போனால் நன்மை, போனால் தீமை, இருந்தால் நன்மை, இருந்தால் தீமை என்று எழுதுங்கள். சம்பளத்தை மட்டும் எழுதாதீர்கள். ஏஜெண்ட் கமிஷன், இருக்கும் கடன், பெற்றோர் உடல்நிலை, பிள்ளையின் படிப்பு, அங்கே ஞாயிறு ஆராதனைக்கு வழி உண்டா என்பதும் அதில் வரவேண்டும். எண்ணிக்கை முக்கியமல்ல, எது கனமானது என்று பாருங்கள். அடுத்து மூன்று நாள் ‘போகிறேன்’ என்று முடிவெடுத்தவர்போல இருங்கள். ராத்திரி இரண்டு வரி குறித்து வையுங்கள். அதற்கடுத்த மூன்று நாள் ‘இருக்கிறேன்’ என்று.

கடைசியாக இஞ்ஞாசியார் தரும் இரண்டு உரைகல். முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலைமையில் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? மரணப் படுக்கையில் இருந்து திரும்பிப் பார்த்தால் எதைச் செய்திருக்க விரும்புவீர்கள்? இவ்வளவுக்கும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ‘இன்றைக்கே சொல்லு’ என்று ஏஜெண்ட் நெருக்கினால், அந்த அவசரத்தையும் தீமைப் பக்கத்தில் எழுதுங்கள்.

கேள்வி: உள்ளத்தில் சமாதானம் வந்தால் அது தேவசித்தம் என்று எங்கள் போதகர் சொல்கிறார். அது போதாதா?

பதில்: அந்தச் சமாதானம் எவ்வளவு நாள் நிற்கிறது என்று பாருங்கள். கஷ்டமான காரியத்தைத் தள்ளிப்போட்டாலும் உடனே ஒரு நிம்மதி வரும். அன்றைக்கு அதுவும் சமாதானம் போலத்தான் இருக்கும். 1521-இல் ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் கால் உடைந்து, சொந்த ஊரான லொயோலாவில் படுத்திருந்த இஞ்ஞாசியார் கவனித்ததும் இதையே. வீரதீரக் கனவுகளும் இனித்தன, புனிதர்களைப்போல வாழும் கனவுகளும் இனித்தன. ஆனால் முதலாவது கலைந்ததும் மனம் வறண்டது, இரண்டாவது கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. வரும்போது இருக்கும் ருசியைவிட, போன பிறகு எது மிஞ்சுகிறது என்பதைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: மூன்று மாதமாக ஜெபத்தில் எதுவுமே இல்லை. பாடல் பாடினாலும் ஒட்டவில்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியைப் பொறுப்பை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. என்னைப்போல வறண்டவள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்க?

பதில்: சகோதரி, இப்போது விடாதீர்கள். ‘ஆன்மப் பயிற்சிகள்’ மிக அழுத்தமாகச் சொல்லும் விதி இது: வறட்சி நேரத்தில், அதற்கு முன்பு தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது. பொறுப்பை விடவே கூடாது என்றில்லை. மனம் தெளிந்த ஒரு காலத்தில் அதே கேள்வியை எடுத்துப் பாருங்கள். அப்போதும் விடத் தோன்றினால் விடலாம்.

காரணம் தேடும்போது மூன்றைப் பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். ஒன்று, நம்முடைய அசட்டை: ஜெப நேரம் மெல்ல மெல்லச் சுருங்கியிருக்கலாம். இரண்டு, சோதிப்பு: ஆறுதல் என்ற சம்பளம் இல்லாமலும் நிற்போமா என்று. மூன்று, ஆறுதல் நம் சம்பாத்தியமல்ல, கொடை என்று கற்றுக்கொள்ள. முதலாவது இல்லையென்றால் உங்களையே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

வறட்சியில் நேரத்தைக் குறைக்கத் தோன்றும். அவர் சொல்வது நேர்மாறு. குறித்த நேரம் முழுவதும் இருங்கள், முடிந்தால் இன்னும் சற்று அதிகமாக இருங்கள். இருபது நிமிடம் என்றால் இருபத்திரண்டு, அவ்வளவு போதும். ஒரு மணி நேரமாக்கினால் நான்காம் நாள் அறுந்துவிடும்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். தூக்கம் எப்படி? சாப்பாடு? எலியா சூரைச்செடியின்கீழ் ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்று படுத்தபோது (1 இராஜாக்கள் 19) தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்துத் தூங்கவிட்டான். திரும்ப எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். கர்த்தருடைய மெல்லிய சத்தம் கேட்டது அதற்கும் நாற்பது நாள் கழித்து. ரத்தசோகை, தைராய்டுக் குறைபாடு இரண்டுமே ஆவிக்குரிய சோர்வுபோல வரும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: அன்றைய நாளை ஜெபத்தோடு திரும்பிப் பார்க்கும் ஆன்மசோதனையை ராத்திரி செய்கிறேன். அது எனக்குப் பாவக் கணக்காகவே முடிகிறது. படுக்கும்போது மனம் கனத்துவிடுகிறது.

பதில்: வரிசை மாறிவிட்டது, அதனால்தான். ஐந்து படிகளில் முதலாவது நன்றி, நான்காவதுதான் மன்னிப்பு. பதினைந்து நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். நான்கு நிமிடம் இன்று கிடைத்தவற்றுக்கு நன்றி. ‘குடும்பத்துக்காக நன்றி’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘மூன்று மணிக்கு மழை நின்றதே, துணி காய்ந்ததே’ என்ற அளவுக்குச் சின்னதாக. ஒரு நிமிடம் ஒளி கேட்டு ஜெபம். நம் கண்ணால் பார்த்தால் குற்றம் மட்டுமே தெரியும், கடவுளின் கண்ணால் பார்க்கக் கேட்கிறோம். ஆறு நிமிடம், எழுந்ததிலிருந்து மணிவாரியாக நாளைப் புரட்டுவது. எங்கே மனம் விரிந்தது, எங்கே சுருங்கியது? இரண்டு நிமிடம் மன்னிப்பு, ஒன்றே ஒன்றுக்காக. மீதி, நாளைக்கு எந்த இடத்தில் உதவி வேண்டும் என்று கேட்பது.

படுக்கையில் படுத்துக்கொண்டு செய்தால் மூன்றாம் படியிலேயே தூங்கிவிடுவீர்கள். சாப்பாட்டுக்கு முன்பே செய்துவிடலாம்.

கேள்வி: ஒரு வருடத்தில் பைபிளை முடிக்கும் அட்டவணைப்படி வாசிக்கிறேன். மனதில் எதுவும் நிற்பதில்லை.

பதில்: தினம் மூன்று, நான்கு அதிகாரம் என்றால் நிற்காது. அந்த வாசிப்பு தேவைதான், கதை முழுவதும் தெரியும். அதோடு ஆறேழு வசனத்தை மட்டும் எடுத்து நாலு தடவை வாசியுங்கள். முதல் தடவை வாய்விட்டு. இரண்டாவதில் எந்த வார்த்தை இழுக்கிறது என்று பார்த்து அதையே அசைபோடுங்கள். மூன்றாவதில் அதை வைத்துப் பேசுங்கள். நான்காவதில் பேசாமல் இருங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற துறவி எழுதிவைத்த நான்கு படி இது.

கேள்வி: அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பார், என்னையும். இப்போது எனக்கு 34 வயது. மன்னித்துவிட்டேன் என்று எத்தனையோ உபவாசக் கூட்டத்தில் அறிக்கை செய்திருக்கிறேன். ஆனால் அவர் குரல் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. என் மன்னிப்பு பொய்யா?

பதில்: பொய் இல்லை அம்மா. மன்னிப்பு என்பது பழிவாங்கும் உரிமையை விட்டுக்கொடுக்கும் தீர்மானம். உடம்பின் நடுக்கம் நினைவின் வேலை. தீர்மானம் ஒரு நாளில் நடக்கலாம். உடம்பு கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும். நடுக்கம் வரும்போதெல்லாம் விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

உங்கள் கேள்வியில் ஒரு படி விட்டுப்போயிருப்பதாக எனக்குப் படுகிறது: முறையீடு. மன்னிப்பதற்கு முன், நடந்தது அநியாயம் என்று கடவுளிடம் சொல்லியாக வேண்டும். சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த முறையீடுதான். நம் ஆராதனைகளில் அவற்றைப் பாடுவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சங்கீதம் 13 ஆறே வசனம். முதல் இரண்டில் ‘எதுவரைக்கும்’ என்று சங்கீதக்காரர் நான்கு முறை கேட்கிறார். அடுத்த இரண்டில் வேண்டுகிறார். கடைசி இரண்டில்தான் நம்பிக்கைக்கு வருகிறார். அதே அச்சில் உங்களுடையதை எழுதுங்கள். என்ன நடந்தது, எந்த வயதில், யார் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்பதை மறைக்காமல். கடைசிப் பகுதி வரவில்லையா, எழுதாமல் விடுங்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதம் என்றுதான் நம்முடைய கையில் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கிளறாதீர்கள். ஒரு அமர்வுக்கு அரை மணி நேரம், ஒரு சம்பவம். முடித்ததும் முகம் கழுவி, வெளியே நடந்துவிட்டு வாருங்கள். அன்று ராத்திரி பேச ஒருவர் இருக்கட்டும். கனவில் திரும்பத் திரும்ப வந்தால் நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரிடம் போங்கள்.

மன்னிப்பு வேறு, ஒப்புரவு, அதாவது உறவு திரும்பச் சேர்வது, வேறு. ஒப்புரவுக்கு அவரும் மனந்திரும்ப வேண்டும். அவர் இன்னமும் குடித்து அடிப்பவரென்றால், தூரமாக இருப்பது மன்னிப்புக்கு விரோதமல்ல. பிள்ளைகளை அவரிடம் தனியாக விடாததும் அப்படியே.

கேள்வி: உள்ளான சுகமளிக்கும் கூட்டத்தில் கைவைத்து ஜெபித்துவிட்டு ‘இனி மாத்திரை வேண்டாம், அது அவிசுவாசம்’ என்றார்கள். மனச்சோர்வுக்கு இரண்டு வருடமாக எடுக்கிறேன்.

பதில்: நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், தூக்கக் கேடு, உடம்பில் கரண்ட் அடித்தாற்போன்ற உணர்வு வரலாம். பழைய நோயும் திரும்பலாம். அதைப் பார்த்து ‘பிசாசு திரும்பிவிட்டது’ என்பார்கள், நீங்களும் நம்பிவிடுவீர்கள். குறைப்பதென்றால் மருத்துவர் மட்டுமே படிப்படியாகக் குறைக்க வேண்டும். உண்மையாகவே சுகம் கிடைத்திருந்தால் அது அவருடைய பரிசோதனையிலும் தெரியட்டும். சுகமான குஷ்டரோகியை இயேசுவே ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொன்னார். கத்தோலிக்கர் தங்கள் பைபிளில் உள்ள சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். மருத்துவரையும் மருந்தையும் ஆண்டவர் படைத்தார் என்கிறது. வேலூர் சி.எம்.சி. போன்ற மிஷன் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு பல்லாண்டுகளாக நடக்கிறது.

இதை வாசிக்கும் யாருக்காவது சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், அடுத்த ஜெபக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை இப்போதே அழையுங்கள். கட்டணம் கிடையாது, இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் பரம்பரைச் சாபம் இருக்கிறதாம். உடைக்க ஏழு வாரம் காணிக்கையோடு வரச் சொல்கிறார்கள்.

பதில்: போகாதீர்கள். ‘பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின’ என்ற பழமொழியை இனிச் சொல்லவே கூடாது என்று எசேக்கியேல் 18 தடுக்கிறது. குடி, கோபம், கடன் ஆகிய பழக்கங்கள் தலைமுறை தாண்டி வருவது உண்மை. அதற்குக் காணிக்கை மருந்தாகாது.

கேள்வி: பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவ அறிக்கை) செய்துவிட்டு வெளியே வந்ததும் ஏதோ விட்டுவிட்டேன் என்று தோன்றும். ஒரே வாரத்தில் மூன்று கோவிலுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

பதில்: இதற்குப் பெயர் மன உறுத்தல் நோய். ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் இருந்தபோது இஞ்ஞாசியாரையும் இது தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோனது. பழையவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்தபோதுதான் விடுதலை கிடைத்தது. நீங்களும் ஒரே குருவானவரை வைத்துக்கொள்ளுங்கள், நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், உதாரணமாக மாதத்தின் முதல் சனி. இடையில் உறுத்தல் வந்தால், ‘இதை மறுபடி சொல்லாதே’ என்று அவர் சொன்னதற்குக் கீழ்ப்படியுங்கள். கீழ்ப்படிந்ததும் பதற்றம் முதலில் கூடும், பிறகு இறங்கும். கூடுகிறதே என்று ஓடிப்போய்ச் சொன்னால் உறுத்தலுக்குத் தீனி போட்டதாகிவிடும். கை கழுவுவது, பூட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது போன்றவையும் இருந்தால் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள், இதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

கேள்வி: ஆன்ம வழிகாட்டி ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? குருவானவராகத்தான் இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கன்னியர், போதகர், பயிற்சி பெற்ற பொதுநிலையினர் யாரும் இருக்கலாம். மாதம் ஒருமுறை, முக்கால் மணி நேரம் போதும். முதல் மூன்று சந்திப்பைச் சோதனையாக வையுங்கள். அவர் அதிகம் கேட்கிறாரா, அதிகம் பேசுகிறாரா? அவருக்கும் ஒரு வழிகாட்டி இருக்கிறாரா? தயங்காமல் கேளுங்கள். நல்லவர் கோபப்படமாட்டார்.

‘கர்த்தர் உனக்கு இதைச் சொல்லச் சொன்னார்’ என்று உங்கள் திருமணத்தையும் பணத்தையும் தீர்மானிப்பவர், உங்கள் விஷயத்தைப் பிரசங்கத்தில் உதாரணமாக்குபவர், கதவை மூடித் தனியாக வரச் சொல்பவர், வீட்டில் சொல்லாதே என்பவர்: இவர்களில் ஒருவரென்றாலும் அன்றோடு நிறுத்திவிடுங்கள். கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம் திருச்சபைச் சட்டப்படி மீறவே முடியாதது. ஆனால் அதற்கு வெளியே நடக்கும் ஆலோசனைக்கு அந்த முத்திரை தானாக வராது. ஆகவே முதல் நாளே ‘இது நம் இருவருக்குள் இருக்குமா, எந்தச் சூழலில் வெளியே சொல்வீர்கள்’ என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

போகும்போது அந்த மாதத்து ஆன்மசோதனைக் குறிப்பிலிருந்து இரண்டு விஷயம் மட்டும் கொண்டுபோங்கள்: மனம் அதிகம் விரிந்த ஒரு நாள், அதிகம் சுருங்கிய ஒரு நாள். முக்கால் மணி நேரத்துக்கு அதுவே நிறைய.