பாத்ரூம் டக்டில் ஏறும் புகை

வீடு, வாடகை, வில்லங்கம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தண்ணீர் மோட்டார் சண்டையைப் பற்றி எழுதினேன். அதற்குத்தான் கடிதம் வரும் என்று பார்த்தால், வந்ததில் பாதிக்கு மேல் சிகரெட். பிடிக்கிறவர்களும் எழுதியிருக்கிறார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள், ஒரு ஹவுஸ் ஓனரும் எழுதியிருக்கிறார். சரி, இந்த முறை முழுக்கப் புகைதான்.

கேள்வி: சார், வேளச்சேரியில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர், அவருக்குச் சொந்த வீடு, காலையும் ராத்திரியும் பாத்ரூமில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறார். புகை டக்ட் வழியாக ஏறி எங்கள் படுக்கையறை வரை வருகிறது. அசோசியேஷனில் சொன்னால், "நீங்க டெனன்ட், உங்க ஓனரை வரச் சொல்லுங்க" என்கிறார்கள். ஓனர் துபாயில் இருக்கிறார். என்ன செய்யலாம்? (பெயர் வேண்டாம், வேளச்சேரி)

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. ஒருவர் தன் வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. 2003-ல் வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 4-வது பிரிவு பொது இடத்தில் பிடிப்பதைத்தான் தடுக்கிறது. 2008-ல் காந்தி ஜெயந்தி அன்று நடைமுறைக்கு வந்த விதிகள் ஆபீஸ், பணியிடம் போன்றவற்றையும் தெளிவாக அதற்குள் கொண்டுவந்தன, ஆனால் கீழ்வீட்டு பாத்ரூம் எந்தக் கணக்கிலும் பொது இடம் ஆகாது. போலீஸை அழைத்தால் வந்து பேசிவிட்டுப் போவார்கள், அதோடு அந்த மனிதர் உங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதும் நின்றுவிடும்.

ஆனால் "நீங்க டெனன்ட்" என்று சொன்னார்களே, அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். பார்க்கிங்கில் உங்கள் ஸ்கூட்டர் ஒரு அடி தள்ளி நின்றால், பைலா, அதாவது அசோசியேஷனின் விதிமுறை, குடியிருக்கிற எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லி நோட்டீஸ் ஒட்டுகிற ஆட்கள்தானே இவர்கள்? அதே பைலாவை வாங்கிப் படியுங்கள். பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை தரக் கூடாது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். பொதுக்குழுவில் ஓட்டு ஓனருக்குத்தான், அது சரி. புகார் கொடுக்க எதற்கு ஓட்டு? துபாயில் இருக்கும் ஓனரிடம், "என் வீட்டில் குடியிருப்பவர்கள் என் சார்பில் புகார் கொடுக்கலாம்" என்று நாலு வரி மெயில் வாங்கி, அதை இணைத்து எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் செயலாளரின் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட வேண்டாம், அங்கே போட்ட புகாருக்கு நாலு பேர் கைகூப்பும் பொம்மை போடுவார்கள், வேறு ஒன்றும் நடக்காது.

அது நடக்கிறபடி நடக்கட்டும், இந்த வாரமே நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நம் ஊர் அடுக்குமாடியில் டக்ட் என்பது மேலிருந்து கீழ் வரை போகும் ஒரே குழி, எல்லா வீட்டு பாத்ரூம் ஜன்னலும் அதற்குள்தான் திறக்கிறது. கீழே சூடான காற்று கிளம்பினால் மேலேதான் ஏறும், எனவே மாடிக்காரர் தலையில்தான் விடியும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மற்ற ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறீர்கள். வெளியே போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும், அது பாத்ரூம் கண்ணாடிப் பட்டை ஜன்னல் வழியாகப் புகையோடு வருகிறது. எக்ஸாஸ்ட் ஓடும்போது பால்கனிப் பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள், பாத்ரூம் கதவைச் சாத்தி அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பாத்ரூமில் கொமோடுக்குப் பின்னாலும் சமையலறையில் சிங்க்குக்கு அடியிலும் பைப் சுவருக்குள் நுழையும் இடத்தைக் கையை வைத்துப் பாருங்கள், பல வீட்டில் அங்கே ஒரு விரல் போகிற அளவுக்கு ஓட்டை இருக்கும். எம்-சீல் அல்லது சிலிக்கான் வைத்து அடையுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வாசனை கொஞ்சம் குறையும், ஆனால் சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன, அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை, இதையெல்லாம் வடிகட்டிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அடுத்தவர் விட்ட புகையால் குழந்தைகளுக்குக் காதில் தொற்று, மூச்சிரைப்பு வரும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம், எனவே நீங்கள் பதறுவதில் தப்பே இல்லை.

இன்னொன்று, கீழ்வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் பாத்ரூமுக்குள் போய் ஒளிந்து பிடிப்பதைப் பார்த்தால், அவர் வீட்டிலேயே அவருக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. புகை உங்கள் வீட்டுத் தொட்டில் வரை ஏறுகிறது என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை போய், "அண்ணா, மொட்டை மாடியில் போய்ப் பிடிக்க முடியுமா" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிவில் நீதிமன்றத்தில் தொல்லை என்று தடையுத்தரவு கேட்கலாம், உரிமை உண்டு. ஆனால் அது ஒரு முடிவுக்கு வருவதற்குள் உங்கள் பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்து, குழந்தை ப்ரீ-கேஜி போய்விடும். அந்தக் காசில் வீடு மாறிவிடலாம் என்பதுதான் என் எண்ணம். மாறுவதானால், லாக்-இன் காலத்துக்கான (அதற்குள் காலி செய்யக் கூடாது என்று அக்ரிமென்ட்டில் எழுதியிருக்கும் காலம்) பிடித்தம் வேண்டாம் என்று ஓனரிடம் இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கேள்வி: நான் ராமாபுரத்தில் தனியாக இருக்கும் ஐடி ஊழியன். பால்கனியில் நின்று ஒரு நாளைக்கு மூன்று, நாலு சிகரெட் பிடிப்பேன். பக்கத்து வீட்டு மாமி சொல்லி, ஓனர் "ஒரு வாரத்தில் காலி பண்ணு, அட்வான்ஸில் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிப்பேன்" என்கிறார். அக்ரிமென்ட்டில் சிகரெட் பற்றி எதுவும் இல்லை. அவர் சொல்வது சரியா? (ஒரு வாசகர், ராமாபுரம்)

பதில்: ஒரு வாரக் கெடுவெல்லாம் செல்லாது தம்பி. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புது வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, 2017-ல் இயற்றியது. அதன்படி உங்களைக் காலி செய்ய வைக்க வேண்டுமானால் ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போய், சட்டத்தில் எழுதியிருக்கும் காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் உள்வாடகை, நோட்டீஸ் கொடுத்தும் நிறுத்தாமல் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. பால்கனியில் நாலு சிகரெட் பிடித்ததைத் தவறான பயன்பாடு என்று நிரூபிப்பது அவருக்குக் கஷ்டம். கோபத்தில் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்தினால் அவர்தான் மாட்டுவார், வாடகை அதிகாரியிடம் நீங்கள் மனு கொடுக்கலாம்.

ரொம்பவும் நிமிர்ந்துவிட வேண்டாம், இதே சட்டத்தில் உங்களுக்கு ஒரு பள்ளமும் இருக்கிறது. எழுத்து மூலமான அக்ரிமென்ட் போடாமல் இருப்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். அக்ரிமென்ட்டை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இருபது ரூபாய் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள்தான் ஊரில் முக்கால்வாசிப் பேர், நீங்களும் அப்படியா என்று பாருங்கள். பதினோரு மாதம் முடிந்ததும் அவர் புதுப்பிக்க மறுத்தாலும் உங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

பெயின்டிங் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாத வாடகையைக் கழிப்பது சென்னை வழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அக்ரிமென்ட்டில் வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு என்றுதான் அந்தச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஆனால் நீங்கள் உண்டாக்கிய சேதத்தை அவர் கழிக்கலாம். அறைக்குள்ளேயே வருஷக்கணக்கில் பிடித்தவர் வீட்டுச் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சளேறி, மேலே எத்தனை கோட் அடித்தாலும் கறை திரும்பத் தலைகாட்டும், வாசனையும் போகாது. அப்படி இருந்தால் செலவைக் கேட்பதில் நியாயம் உண்டு. நீங்கள் பால்கனியோடு சரி என்கிறீர்கள், ஆகவே இன்றைக்கே எல்லாச் சுவரையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதி அட்வான்ஸ் கைக்கு வர வேண்டும்.

மாமி பக்கமும் ஒரு வார்த்தை. 2015 ஜனவரியில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றத்தில் இதே மாதிரி ஒரு பால்கனிச் சண்டை தீர்ப்புக்கு வந்தது, இரண்டு பக்கமும் வாடகைக்காரர்கள்தான். புகை உண்மையிலேயே கடுமையான தொல்லை என்றால், பிடிக்கும் நேரம் இது, பிடிக்காத நேரம் இது என்று பிரித்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். நம் ஊருக்கு அது செல்லுபடியாகாது, ஆனால் யோசனை நல்ல யோசனை. மாமி எப்போது துணி காயப் போடுகிறார், சாயங்காலம் எப்போது வந்து உட்காருகிறார் என்று கேட்டு, அந்த நேரத்தை விட்டுவிடுங்கள். அப்புறம், சாம்பலைக் கீழே தட்டாதீர்கள், கீழ்வீட்டுக் கொடியில் வேட்டி தொங்கும்.

கேள்வி: எனக்கு அண்ணா நகரில் இரண்டு ஃப்ளாட் இருக்கிறது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு வீடு இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? (ஒரு ஹவுஸ் ஓனர்)

பதில்: உண்டு. புகைப்பவருக்கு வீடு தர மறுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஆனால் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு சண்டை போடுவதுதான் நம் வழக்கம். "வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் புகைபிடிக்கக் கூடாது, மீறினால் இத்தனை நாள் நோட்டீஸ், கறை இருந்தால் சரிசெய்யும் செலவு குடியிருப்பவரைச் சேர்ந்தது" என்று அக்ரிமென்ட்டில் ஒரு பத்தி எழுதிவிடுங்கள். விருந்தாளியையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் "என் ஃபிரண்டு பிடிச்சது சார்" என்பார்கள். பிடிக்கிறாரா என்று சோதிக்க திடீரென்று கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டாம், 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் அசோசியேஷன் லிஃப்ட்டிலும் படிக்கட்டிலும் புகைபிடித்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று போர்டு வைத்திருக்கிறது. சட்டப்படி 200 ரூபாய்தானே? (போரூர் வாசகர்)

பதில்: பொது இடத்தில் புகைத்தால் மத்தியச் சட்டம் சொல்வது 200 ரூபாய் வரை, அதையும் அரசு அதிகாரம் கொடுத்த அலுவலர்கள்தான் வசூலிக்க முடியும். அசோசியேஷன் செயலாளர் ரசீதுப் புத்தகத்தோடு நின்று அதை வாங்க முடியாது. 1,000 ரூபாய் என்பது பைலாப்படி போடும் கட்டணம், பொதுக்குழுவில் முறையாகத் தீர்மானம் போட்டிருந்தால்தான் நிற்கும். லிஃப்ட்டும் லாபியும் பொது இடமா என்பதில் வாதம் வரும். டெலிவரிப் பையன், வேலைக்கார அக்கா, வந்துபோகும் உறவுக்காரர் எல்லோரும் புழங்குகிற இடம், செக்யூரிட்டிக்கும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கும் அதுதான் பணியிடம், ஆகவே பொது இடம்தான் என்பது என் கட்சி. மொட்டை மாடி திறந்தவெளி என்பதால் அங்கே பைலாவை நம்பித்தான் ஆக வேண்டும். எதுவானாலும் அபராதம் ஓனருக்கும் டெனன்ட்டுக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குடியிருப்பில் எனக்கே நடந்தது இது: படிக்கட்டில் பிடித்த வாடகைக்காரப் பையன் பெயரை நோட்டீஸ் போர்டில் போட்டார்கள், அதே படிக்கட்டில் தினமும் பிடிக்கும் கமிட்டி உறுப்பினருக்கு ஆஷ்ட்ரே வாங்கி வைத்தார்கள். நான் கேட்டேன், அடுத்த ஆறு மாதம் என் பார்க்கிங்கில் யாராவது வண்டி நிறுத்திக்கொண்டே இருந்தார்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்று பிடிக்கிறார். இங்கே சட்டம் கடுமை என்கிறார்களே? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: பொது இடத்தில் கடுமைதான். 2013 ஜனவரியிலிருந்து தாழ்வாரம், படிக்கட்டு, கீழ்த்தளம் எங்கும் பிடிக்க முடியாது, பிடிபட்டால் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நீதிமன்றம் வரை போனால் 1,000 வெள்ளி வரை. ஆனால் ஜன்னலோரமும் பால்கனியும் அந்தத் தடைக்குள் வரவில்லை. 2020-ல் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் அதையும் தடை செய்யச் சொன்னார், அரசாங்கம் ஏற்கவில்லை. நீங்கள் சமூக சமரச மையத்துக்குப் போகலாம், அங்கே முடியாவிட்டால் 2015-ல் வந்த அக்கம்பக்கத் தகராறுகளுக்கான நடுவர் மன்றம் இருக்கிறது. அறை வாடகை என்பதால் உங்கள் வீட்டுக்காரரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள், எதிராளி யாரோடு பேசுவது என்று குழம்ப மாட்டார்.

கேள்வி: வேப் (இ-சிகரெட்) பிடித்தால் புகை இல்லையே, பால்கனியில் பிடிக்கலாமா? (கல்லூரி மாணவர், தாம்பரம்)

பதில்: 2019-லேயே இ-சிகரெட்டை விற்பது, இறக்குமதி செய்வது, இருப்பு வைப்பது எல்லாவற்றுக்கும் இந்தியாவில் தடை வந்துவிட்டது. பால்கனி இருக்கட்டும் தம்பி, அதை எங்கிருந்து வாங்கினாய் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வாய் என்று யோசித்து வை.