டால்டா டப்பா மாயாவி

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு எட்டு வயது. சூப்பர்ஹீரோ படம் போட்டால் சோறு தண்ணி வேண்டாம். போன மாதம் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மாடிப்படியிலிருந்து குதித்துக் கையை முறித்துக்கொண்டான். “எல்லாம் அந்தப் படம் பண்ற வேலை” என்கிறார் அப்பா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்தவருக்காக உயிரையும் கொடுக்கலாம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேறு யார் சொல்கிறார்கள்? மிலான் மெட்ரோ ரயிலில் ஒருவர் பேட்மேன் உடையில் ஏறினால் கர்ப்பிணிக்கு அதிகம் பேர் எழுந்து இடம் விடுகிறார்களாம். 2025இல் ஆய்வே வந்திருக்கிறது. நம் ஊரில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் சுற்றி நின்று வீடியோ எடுக்கிறார்கள். பார்த்து வளர நம் பக்கத்தில் அப்படிப்பட்ட மனிதர்கள் இல்லை. படத்திலாவது பார்க்கட்டும் என்கிறேன். நான் நினைப்பது சரிதானா?

ச., குடியாத்தம்

அன்புள்ள ச.,

பையனுக்குக் கைக்கட்டு எப்போது பிரிக்கிறார்கள்? எழுதுங்கள்.

படம் பார்க்கட்டும். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. உங்கள் அப்பாவும் அந்த வயதில் எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு வந்து வேப்பங்குச்சியில் கத்திச்சண்டை போட்டவராகத்தான் இருப்பார். கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

மிலான் ஆய்வை நானும் படித்தேன். பேட்மேன் இல்லாதபோது நூற்றுக்கு 38 முறை இடம் கிடைத்தது, இருந்தபோது 67. ஆனால் நீங்கள் விட்டுவிட்ட ஒரு விஷயம் அதில் இருக்கிறது. எழுந்து இடம் கொடுத்தவர்களில் 44 சதவீதம் பேர் பேட்மேனைப் பார்க்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வழக்கத்தில் இல்லாத ஒன்று உள்ளே வந்ததில் பெட்டியே கொஞ்சம் விழித்துக்கொண்டது, அவ்வளவுதான். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் பஸ்ஸில் ஆட்டுக்குட்டியை ஏற்றினாலும் இது நடக்கும் என்று நினைக்கிறேன். சரி, அதை விடுங்கள்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. “நம் பக்கத்தில் அப்படிப்பட்ட மனிதர்கள் இல்லை.” இதை எப்படி ஐயா கை கூசாமல் எழுதினீர்கள்? வீடியோ எடுப்பவர்களை எண்ணிவிட்டீர்கள். அந்த வீடியோவுக்குள் குனிந்து அடிபட்டவரைத் தூக்குகிறாரே ஒருவர், அவர் எந்த ஊர்? 2021 நவம்பரில் உங்கள் ஊர் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்து கரையோர வீடுகளில் தண்ணீர் புகுந்ததே, அன்று ராத்திரி யார் யாரை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் பஸ் ஏறிப் பாகாயம் போய் மேரி வர்கீஸ் யார் என்று விசாரியுங்கள். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி டாக்டர். 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அதன்பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அப்புறம் எழுந்து நடக்க முடியாதவர்களுக்காக அங்கே மறுவாழ்வுத் துறையையே உருவாக்கினார். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்தான். நீங்கள் மிலானுக்குப் போய்விட்டீர்கள்.

திட்டியது போதும். உங்கள் கடிதம் வந்தபோது நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில், அணை நீரில் தத்தளித்த இளைஞர்களுக்கு மூன்று பெண்கள் சேலையை அவிழ்த்து வீசி இருவரைக் கரையேற்றினார்கள். இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் செய்தியை அப்போது படித்ததிலிருந்து ஒரு கிணறு என்னை விடமாட்டேன் என்கிறது.

எங்கள் கிராமம் வேலூர் பக்கம் அணைக்கட்டு என்கிற ஊருக்கு அருகில். எழுபதுகளின் நடுவில் எனக்குப் பத்து வயது. முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடுதான் தொடங்கியது. எங்கள் ஊருக்கு அது நாலு கை மாறி அட்டை கிழிந்த பிறகு வந்து சேரும். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். நான் டால்டா டப்பாவின் அடியை வெட்டி எடுத்துவிட்டு முழங்கை வரை மாட்டிக்கொண்டு திரிந்தேன். மின்சாரத்துக்கு மோட்டார் கொட்டகையைத்தான் குறி வைத்திருந்தேன். நல்லவேளை, பூட்டி வைத்திருந்தார்கள்.

சித்தப்பா மகன்தான் வில்லன். எங்கள் கழனிக் கிணறு கைப்பிடிச் சுவர் இல்லாதது, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்பலகைகள்தான் படி. நான் துரத்தினேன், அவன் இறங்கி ஓடினான், பாசியில் வழுக்கி விழுந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. நான் கத்தி ஆட்களைக் கூப்பிட்டேன் என்று பல வருடம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. டப்பா மாட்டிய கையோடு மேலே நின்றேன்.

1962இல் வந்த ஸ்பைடர்மேனின் முதல் கதையில், தன் எதிரே ஓடும் திருடனை அவன் தடுக்காமல் விட்டுவிடுகிறான். அதே திருடன் பிறகு அவனை வளர்த்த பெரியப்பாவைக் கொல்கிறான். சூப்பர்ஹீரோக்களில் எனக்கு நெருக்கமானவன் அவன் ஒருவன்தான். அவனும் சும்மா நின்றவன்.

மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தார். அவருக்கும் நீச்சல் தெரியாது. எட்டிப் பார்த்தார், சுற்றிப் பார்த்தார். கயிறு இல்லை. கொசுவத்தைப் பிடித்து உருவினார். ஒரு முனையில் கல்லை வைத்து முடிந்தார், மறுமுனையை மணிக்கட்டில் ரெண்டு சுற்று சுற்றிக்கொண்டு, நாலு படி இறங்கிக் குத்துக்காலிட்டு வீசினார். முதல் தடவை எட்டவில்லை. “புடிச்சிக்கடா, உடாத, உடாத!” அதற்குள் பக்கத்துக் கழனி ஆண்கள் நாலைந்து பேர் மேலே வந்துவிட்டார்கள். அத்தனை பேர் பார்க்க, பாவாடை ரவிக்கையோடு அவர் இழுத்தார். படிக்கல் முனையில் உரசிச் சேலை நெடுகக் கிழிந்தது. பையன் வந்துவிட்டான்.

படத்தில் காப்பாற்றப் போகிறவன் முதலில் தன் உடையை மாட்டிக்கொண்டு வருவான். இவர் இருந்ததை அவிழ்த்தார். அந்தக் காலத்தில், எங்கள் ஊரில், ஒரு பெண் அதைச் செய்வதற்குக் கிணற்றில் குதித்துவிடலாம்.

இன்னும் இருக்கிறது. அந்தக் கிணற்றில் அவர் குடம் இறக்கக் கூடாது. தாகமெடுத்தால் தள்ளி நிற்பார், நாங்கள் மொண்டு வந்து குவித்த கையில் உயரத்திலிருந்து ஊற்றுவோம். அன்றைக்கு அவர் சேலை நனைந்தது அந்தத் தண்ணீரில். சாயங்காலம் திண்ணையில் அந்தப் பேச்சு வரத்தான் செய்தது. “ஆபத்துக்குப் பாவமில்லை” என்று தாத்தா முடித்துவைத்தார். யார் செய்த பாவம் என்று எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை. புதுச்சேலை ஒன்று எடுத்துக் கொடுக்க வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாட்டியின் பழைய சேலை ஒன்று போனது. இங்கே அவர், அவர் என்று எழுதிக்கொண்டு வருகிறேன். அன்று பத்து வயதுப் பையன்கள் நாங்களே அவரைப் பேர் சொல்லி, ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுவோம்.

நீங்கள் கேட்டது என்னவோ, நான் எங்கேயோ போய்விட்டேன். கை சரியானதும் பையனுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். பாலாற்றில் தண்ணீர் ஏது என்று சொல்லாதீர்கள், கிணறு இருக்கிறது. கழுத்தில் துண்டு மட்டும் வேண்டாம், எதிலாவது மாட்டிக்கொள்ளும். என் டால்டா டப்பாவின் வெட்டிய விளிம்பு முழங்கையில் அறுத்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. எனக்கே தெரியவில்லை. முதலில் பார்த்தது அவர்தான். கிழிந்த ஈரச்சேலையை மேலே சுற்றிக்கொண்டே, “இன்னாடா இது கைல, கருமம்” என்று திட்டி, டப்பாவை மெல்லத் திருகிக் கழற்றிக் கரும்புக்குள் வீசினார்.

அன்புடன்.