மிச்சிகனின் கீவினா கவுண்டியில் ஏன் இவ்வளவு குறைவான மக்கள்?

பரப்பளவில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலேயே பெரிய கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) இதுதான். ஆனால் பத்தில் ஒன்பது பங்கு சுப்பீரியர் ஏரித் தண்ணீர்! மிச்சம், ஏரிக்குள் நீளும் தீபகற்பத்தின் முனையும் ஐல் ராயல் தீவும்.

1840களில் செம்புக்காக ஆட்கள் குவிந்தார்கள். இங்கே செம்பு வேறு தனிமங்களோடு சேர்ந்த தாதுவாக இல்லை. செம்பு உலோகமாகவே கிடைத்தது. சில கட்டிகள் பல டன் எடை. வெடி வைத்தாலும் உடையாது, உளியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். (பழங்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே செம்பு தோண்டியிருக்கிறார்கள்.)

1861இல் கவுண்டி உருவானது. 1910இல் 7,156 பேர் இருந்தார்கள். சுரங்கங்கள் ஓய்ந்ததும் ஊர்கள் காலியாகின. 2020 கணக்கெடுப்பில் 2,046 பேர்தான்.

அப்புறம், பனி. 1978–79 குளிர்காலத்தில் மட்டும் 32 அடிக்கு மேல் கொட்டியது. அந்த உயரத்தைக் காட்ட நெடுஞ்சாலையோரம் அளவுகோல் மாதிரி ஒரு கம்பமே நட்டு வைத்திருக்கிறார்கள்.