பயிற்சி முடிந்து வந்தவர்கள் எழுதுவது யாருக்கு?

கேள்வி: ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியில் ஆசிரியை நான். ஹோட்டல் பயிற்சி முடித்து வரும் மாணவர்களிடம் மதிப்பீட்டுப் படிவம் வாங்கி ஃபைலில் போட்டுவிடுகிறோம். அதை வைத்துப் பாடத்தைத் திருத்த முடியுமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: முடியுங்க. ஆனால் ‘பயிற்சி எப்படி, 5-க்கு எத்தனை’ என்று கேட்டால் 4 போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஃப்ரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், கிச்சன், சர்வீஸ் என்று தனித்தனியாகக் கேளுங்கள்: கல்லூரியில் செய்தே பார்க்காத எந்த வேலை அங்கே வந்தது?

கோவையில் ஒரு ஹோட்டல் கிச்சனில் பல வருடம் பயிற்சி மாணவர்களைக் கட்டி மேய்த்தவன் நான். பிரெஞ்சு சமையலில் மற்ற சாஸ்களுக்கெல்லாம் அடிப்படையான ஐந்து ‘தாய் சாஸ்’களையும் கடகடவென ஒப்பிப்பார்கள். முகூர்த்த நாளில் அண்டாவில் அரிசிம்பருப்பு சாதம் இறக்கச் சொன்னால் முழிப்பார்கள். ஒரு பையன் இதைப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்தான். கல்லூரியில் யாரும் படிக்கவில்லை போல, அடுத்த பேட்ச்சும் அதே முழி!

அப்புறம், மாணவர்களைப் பற்றி ஹோட்டல்காரர்கள் தரும் அறிக்கையையும் பக்கத்தில் வையுங்கள். அவர்கள் ‘வேகம் போதாது’ என்றும், அங்கே போனவர்கள் எல்லாம் ‘வெங்காயம் மட்டுமே உரித்தோம்’ என்றும் எழுதியிருந்தால், மாற்ற வேண்டியது அந்த ஹோட்டலைத்தான்.

படிவத்தில் ஹோட்டல் பெயர் போதும், மாணவர் பெயர் வேண்டாம். சான்றிதழ் கைக்கு வந்த பிறகே வாங்குங்கள். அதற்கு முன்னால் எந்தப் பிள்ளையும் உள்ளதை எழுதாதுங்க. உங்களுடையது தன்னாட்சி இல்லாத பாரதியார் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தில் நீங்களாகக் கைவைக்க முடியாது. சரி, பிராக்டிகல் வகுப்பில் அண்டா வைக்க யார் தடுக்கிறார்கள்?